ரத்தக்கட்டி முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள்

மருத்துவமனை ஆய்வகத்தில் பூஞ்சைப் பிரிவு என் பொறுப்பு. வருவதில் பெரும்பகுதி நகமும் தோலும் சளியும்தான். இதயத்தைப் பிடித்த பூஞ்சை அபூர்வம். வந்தால், கண்டுபிடிக்க ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்.

சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவர். மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் எடுத்துக்கொண்டிருந்தார். விடாத காய்ச்சல், நுரையீரல் சிடியில் முடிச்சுகள். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அப்புறம் திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, நாடி நின்றுபோனது. அடைப்பை எடுக்கத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள் என்றதும் சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

"சார், கட்டியை என்ன செய்யப் போறீங்க?"

"பயாப்சிக்குத்தான் மேடம்."

"முழுசையும் ஃபார்மலின்ல போட்டுடாதீங்க. பாதி சலைன்ல எனக்கு வேணும்."

ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தும் திரவம், அதில் விழுந்த பூஞ்சை செத்துவிடும். வளர்த்துப் பார்க்க முடியாது. ரத்த கல்ச்சரையும் நம்பி இருக்க முடியாது. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெரும்பாலும் அதில் வளர்ந்துவிடும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இழைப் பூஞ்சை இதய வால்வில் கொத்தாக வளர்ந்திருந்தாலும் ரத்தத்தில் அகப்படுவது அரிது. ஆனால் அந்தக் கொத்து பெரியது, உடைந்து பெரிய தமனிகளையே அடைக்கும். காலில் சிக்கிய துண்டை மதிக்க வேண்டியது அதனால்தான்.

துண்டு வந்தது. இடித்து அரைக்கவில்லை, பிளேடால் நறுக்கினேன். உள்ளே இருப்பது கருப்புப் பூஞ்சை நோயைத் தரும் மியூக்கர் என்றால் அரைக்கும்போதே அதன் இழைகள் சிதைந்து செத்துப்போகும். திசுவைக் கரைக்கும் கேஓஎச்சும் பூஞ்சையை ஒளிரவைக்கும் கால்கோஃப்ளோர் சாயமும் விட்டு ஒளிர் நுண்ணோக்கியில் வைத்தேன். மெல்லிய இழைகள், ஒழுங்கான தடுப்புகள், வி வடிவக் கிளைகள். ஆஸ்பர்ஜில்லஸின் சாயல். 2021இல் நாங்கள் பார்த்துப் பார்த்து அலுத்த மியூக்கர் இப்படி இருக்காது. நாடா மாதிரி அகலமாக, தாறுமாறாகக் கிளைத்திருக்கும். இந்த வித்தியாசத்தை அன்றே சொல்லியாக வேண்டும். மியூக்கருக்கு வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வேலை செய்யாது, ஆம்போடெரிசின்தான் வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸுக்கோ வோரிகோனசோல்தான் முதல் மருந்து.

உணவுக்குழாய் வழியாக எடுத்த எக்கோவில் மைட்ரல் வால்வில் கொத்து தெரிந்தது. வளர்ப்புத் தட்டில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாக ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் வளர்ந்தது. மருந்து மட்டும் இந்த நோய்க்குப் போதாது, வால்வை மாற்றினார்கள். அப்படியும் பலர் பிழைப்பதில்லை. இவர் பிழைத்தார்.

வோரிகோனசோல் மாத்திரை தொடர்கிறது. அது டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் டாக்ரோலிமஸ் டோஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ரிப்போர்ட்டை நானே எடுத்துப் பார்க்கிறேன்.