சீன் 1, உள், வீடு, இரவு

சாலிகிராமத்தில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகை. இரண்டு நாள் திரைக்கதைப் பட்டறை. மெடிக்கல் ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

முதல் பயிற்சி, அப்பா மகள் சண்டை. "அப்பாவின் மனதில் கோபம் பொங்கியது, பழைய நினைவுகள் அலைமோதின" என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கே பிடித்திருந்தது. சார் இரண்டு வரியையும் அடித்துவிட்டு, "இதை எங்கே கேமரா வைத்து எடுப்பேன்?" என்றார்.

மதியம் மறுபடி எழுதினேன். மகள் ரசம் ஊற்ற வருகிறாள். அப்பா தட்டின் மேல் கையை விரித்து மறைக்கிறார். எழுந்து போய்க் கை கழுவுகிறார். குழாயை மூடவில்லை. அவ்வளவுதான், வசனமே இல்லை. சார் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பேப்பரை எடுத்தார். அதுவே பாஸ் மார்க் மாதிரி.

உள், வெளி, பகல், இரவு என்று தலைப்பில் போடுவது சடங்கு என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் நடக்கும் சீன்களையெல்லாம் சேர்த்து எடுக்கத்தான் அதுவாம். எழுத்தில் ஒரு பக்கம், திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஹாலிவுட் அச்சு வடிவத்துக்கானது. என் கோழிக்கிறுக்கலுக்கு ஒத்துவரவில்லை. அதனால் சீன் எவ்வளவு நேரம் வரும் என்று வாட்ச் பார்த்துக்கொண்டே நடித்துப் பார்த்தேன்.

ராத்திரி அம்மாவிடம் அந்தச் சீனைப் படித்துக் காட்டினேன்.

"உங்கப்பா அப்படித்தான் எழுந்து போவார். குழாயை மூடினது நான்தான், அதையும் எழுது" என்றாள்.