முந்தானையில் துடைத்த விரல்

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எலும்புத் துணுக்கு. அரிசி மணியைவிடச் சின்னது.

இன்று புனித அருளானந்தர் திருநாள். ஏற்காட்டில் காலைப் பூசை முடிந்ததும் அவருடைய அருளிக்கத்தை, அதாவது அந்த எலும்புத் துணுக்கை, முத்தமிட்டு வணங்க வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் காபித் தோட்டத்து அக்கா ஒருவர். பழம் பறித்துப் பறித்து விரலெல்லாம் கறை, நகக்கண்ணில் கறுப்பு இறுகிக் கிடந்தது. கிட்டே போனதும் தயங்கினார். முந்தானையை இழுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்தால் போகிற கறையா அது?

அப்புறம் ஒரே விரலால் கண்ணாடியைத் தொட்டு, நெற்றியிலும் தாலியிலும் ஒற்றிக்கொண்டார்.

"சாமி, எம் புள்ளையப் பாத்துக்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அருளானந்தர் 1647-ல் போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. கிறிஸ்தவம் போதிக்க இங்கே வந்து காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரச் சாமியாக ஊர் ஊராக நடந்தார். ராமநாதபுரம் பக்கத்து மறவர் நாட்டில் 1686-ல் பிடித்து வதைத்தார்கள். போர்ச்சுகலுக்குப் போனார். அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். சரி என்று இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தார். எனக்கு அதுதான் பெரிது.

1693 பிப்ரவரி 4, அதே மறவர் நாட்டு ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அந்த இடத்துச் சிவப்பு மண்ணை எங்கள் பாட்டி ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தார். காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசுவார்.

வெளியே பனி விலகவில்லை. அக்கா சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார். அந்த ஒரு விரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்திருந்தார்.