நிலவறைக்கு எத்தனை கட்டை சுருதி?

2025 ஜூன் 7, சனி

இரவு பதினொன்றரை. எல்லாரும் இப்போதுதான் கிளம்பிப் போனார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். எங்கள் கதையில் இன்று நிலவறைக்குள் முதல் அடி. அதற்கென்றே ஒரு பேய்ப்படத்தின் பிஜிஎம்மைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். போட்ட நாலாவது விநாடியில், பூசாரியாக ஆடும் கிளெரிக், "டேய், இது அந்தப் படம்தானே?" என்றான். அவ்வளவுதான். இடைவேளைக் காட்சியை, திருடியாக ஆடும் ரோக் எழுந்து நின்று நடித்தே காட்டினாள். நிலவறைக் கதவு கால் மணி நேரம் திறந்தபடியே கிடந்தது.

இனிமேல் சினிமா இசை கிடையாது. வார்த்தை உள்ள பாட்டும் கிடையாது. கதையை நடத்தும் டிஎம் நான் பேசும்போது பின்னால் இன்னொருவர் பாடினால் யாரைக் கேட்பார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

சண்டை இசைதான் பெரிய தலைவலி. ஒரு ரவுண்டு, அதாவது எல்லாருக்கும் ஒரு முறை வந்து போவது, கதைக்குள் ஆறு விநாடி. எங்கள் மேஜையில் ஆளாளுக்கு யோசித்து, பகடை உருட்டி, கூட்டிக் கழித்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். போன மாதம் ஆறு ரவுண்டு சண்டை ஒன்று நடந்தது. கதையில் 36 விநாடி, கடிகாரத்தில் இரண்டு மணி நேரம். மூன்று நிமிடப் போர் முரசு நாற்பது தடவை சுற்றி வந்தது. எதிரிக்கு முன்னால் நான் செத்துவிடுவேன் போலிருந்தது.

டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்து நிமிட ஒலிகள் இருக்கின்றன. இன்று சிலவற்றைக் கேட்டுப் பார்த்தேன். மெட்டு இல்லாத மழையும் காற்றும் எவ்வளவு நேரம் ஓடினாலும் அலுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

அம்மா காலையில் பாடப் போடும் சுருதி ஆப், ஐந்தரைக் கட்டை. என் போனிலும் அதை இறக்கி, ஒரு கட்டைக்குக் கொண்டுவந்தேன். தம்புரா லாரி எஞ்சின் மாதிரி உறுமியது. அப்புறம் பஞ்சமத்தை எடுத்துவிட்டு நிஷாதம் வைத்தேன். சட்ஜமத்தின் வாசல்படி வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் நிற்கிற சத்தம். காதை அரித்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "யார் வீட்டு எழவுடா இது?" என்று கேட்டாள்.

கிடைத்துவிட்டது.

ஜூன் 14, சனி

ஸ்பீக்கரைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். பகடை உருளும் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு மேல் வால்யூம் கூடாது. பத்து நிமிடத்தில் எல்லாரும் தம்புராவை மறந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும், சட்டென்று நின்றது. பேச்சும் நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். "என்ன ஆச்சு? யார் வந்தது?" என்று ரோக் கிசுகிசுத்தாள்.

எனக்கு போன் வந்தது, அவ்வளவுதான். பரோட்டா கொண்டுவந்த பையன் கீழே நிற்கிறான். அதைச் சொல்வேனா? "கல் சவப்பெட்டியின் மூடி நகர்கிறது" என்றேன். அடுத்த வாரம் வரவேண்டிய லிச், சாகாமல் கிடக்கும் அந்தப் பிண மந்திரவாதி, இன்றே எழுந்துவிட்டான். பரோட்டா ஆறிப்போனது.

ஜூன் 18, புதன்

தப்பித்தவர்கள் அடுத்துப் பாலைவனத்துக்குப் போகிறார்கள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டது ஞாபகம் வந்தது: குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி. நிலத்துக்கு ஒரு பறை, ஒரு யாழ் என்று கருப்பொருளில் சேர்த்துவைத்தவர்கள் நல்ல டிஎம்களாக இருந்திருப்பார்கள்.

துடிக்கு இடை சிறுத்த உருவம், உடுக்கை மாதிரி. உடுக்கை ஒலிப்பதிவு தேடினால் வருவதெல்லாம் சாமியாட்டம். நடுவில் கிளெரிக்குக்கு அருள் வந்துவிட்டால் யார் விபூதி போடுவது? கடைசியில் தனி உடுக்கை ஒன்று நாற்பது விநாடிக்குக் கிடைத்தது. வழிப்பறிக்காரர்கள் தலை காட்டும்போது மட்டும்.

ஜூன் 21, சனி

முதலில் வெறும் காற்று. மணல்மேட்டின் மேல் நிழல்கள் தெரிந்ததும் உடுக்கை. மந்திரவாதியாக ஆடுபவன் தன் முறை வந்ததையே மறந்து மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நாற்பது விநாடி போதும், சுற்றவிடவில்லை.

ஆசை யாரை விட்டது? இரவில், கூடாரத்துக்கு வெளியே, தம்புராவை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். அமைதி. ரோக் மெல்ல நிமிர்ந்தாள்.

"பரோட்டா வந்தாச்சா?"