மூலிகை மாத்திரை குமட்டுகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு நடை போனால் அஸ்வகந்தா, மஞ்சள் கேப்சூல், நிலவேம்பு, திரிபலா என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கிப் போகிறவர்களில் பலரிடம் இரண்டாம் நாளே ஒரே பேச்சு: "காலைல போட்டேன், எம்ஆர்டி ஏறுறதுக்குள்ள வயித்தப் புரட்டுது." அதற்குப் பக்கத்து வீட்டு ஆறுதலும் தயாராக இருக்கும்: "நச்சு வெளியேறுதும்மா, அப்படித்தான் இருக்கும்." இந்த ஆறுதலை நம்பித்தான் பலர் மாத்திரையை விடாமல் விழுங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குமட்டினால் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். எது என்பதை மாத்திரை போட்ட நேரத்துக்கும் குமட்டல் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கால் மணி, அரை மணிக்குள் வந்தால் சந்தேகம் வயிற்றின் மேல். வெறும் வயிற்றில் விழுந்த கேப்சூல் கரையும்போது, உள்ளே இருக்கும் செறிவூட்டிய சாறு முழுவதும் இரைப்பைச் சுவரில் ஒரே இடத்தில் கொட்டுகிறது. குடல் சுவரின் செல்கள் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளிவிட, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. வாயில் நீர் ஊறுகிறது. நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இதை இன்னும் மோசமாக்கும். கண் விழித்ததும் ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி), அதோடு இரண்டு கேப்சூல். காப்பி அமிலத்தைத் தூண்ட, மூலிகை உறுத்த, வயிறு பாவம் என்ன செய்யும்?

இதற்கு வழி எளிது. சாப்பாட்டுக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம், நடுவில் போடுங்கள். மூன்று இட்லி என்றால் இரண்டை முடித்துவிட்டு மாத்திரை, பிறகு மூன்றாவது. தண்ணீர் முழு கிளாஸ், அதாவது 200 மில்லி. ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு எரியும், எச்சில் சுரக்கும்; அதையும் குமட்டல் என்றே நினைத்துக்கொள்வோம். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். கேப்சூலைப் பிரித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுவதும் வேண்டாம். நிலவேம்பின் கசப்பு நாக்கில் பட்டாலே சிலருக்கு ஓங்கரிக்கும்.

ஒரு மணி, இரண்டு மணி கழித்து வந்தால் அளவைச் சந்தேகப்படுங்கள். மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். "வீட்டுக் குழம்புல போடுறதுதானே" என்பார்கள். மஞ்சள் தூளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் தூள் ஏறத்தாழ 3 கிராம். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். 500 மில்லிகிராம் கேப்சூலில் "95 சதவீதம் குர்குமினாய்டு" என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 475 மில்லிகிராம். ஒரே கேப்சூலில் ஐந்து டீஸ்பூன் மஞ்சள்! அதோடு மிளகின் பைப்பரினையும் சேர்த்து விற்கிறார்கள். 1998இல் வந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உடலில் கிடைக்கும் குர்குமின் 20 மடங்கு கூடியது. குழம்பில் போடும் மஞ்சளோடு இதை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மஞ்சள் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பித்தக்கல் இருப்பவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலியோடு குமட்டல் வந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் கேப்சூலைத் தொடவே வேண்டாம்.

நீரிழிவுக்காரர்களின் கதை வேறு. வழக்கமான மருந்தின் மேல் வெந்தயக் கேப்சூலும் சேர்ந்தால், குமட்டலோடு வியர்வை, கை நடுக்கம் என்று வரலாம். அது வயிற்றுக் கோளாறாக இல்லாமல் சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். விரலைக் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு நேரத்தில் ஒரே பொருள். நாளைக்கு இரண்டு என்று போட்டிருந்தால் முதல் நான்கு நாள் ஒன்று மட்டும், இரவு உணவின் நடுவில். மூன்றை ஒரே வாரத்தில் தொடங்கினால் குற்றவாளி யார் என்று யாராலும் சொல்ல முடியாது. மல்டிவிட்டமினில் இருக்கும் துத்தநாகமும் இரும்பும் வெறும் வயிற்றில் நன்றாகவே குமட்டும். பழி மூலிகை மேல் விழும். இஞ்சி உதவும். தட்டித் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சிறிது சிறிதாகக் குடித்தால் போதும். அதற்கென்று இன்னொரு டப்பா இஞ்சிக் கேப்சூல் வாங்குவது வேடிக்கைதான்.

வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேளை மாத்திரையை மறுபடி போடாதீர்கள். வாந்தி நிறுத்தும் மாத்திரை போட்டுக்கொண்டு மூலிகையைத் தொடர்வதும் தவறு. எச்சரிக்கை மணியின் வயரை அறுப்பது போலத்தான் அது.

வாரக் கணக்கில் ஒத்துப்போன பொருள் திடீரென்று குமட்டத் தொடங்கினால் கல்லீரலைப் பாருங்கள். பசியின்மை, அரிப்பு, தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் என்று ஏதாவது சேர்ந்தால் அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை. அஸ்வகந்தா, செறிவூட்டிய கிரீன் டீ சாறு இரண்டாலும் கல்லீரல் பாதித்தது பதிவாகியிருக்கிறது. கிரீன் டீ சாற்றில் உள்ள ஈஜிசிஜி என்னும் வேதிப்பொருள் நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவையே தடை செய்தது. இங்கே இத்தகைய சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. கடையில் இருப்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

கிராத்தோம், அதாவது மலேசியாவில் கேத்தும் என்கிற இலை, இந்தக் கணக்கிலேயே சேராது. அதில் உள்ள மிட்ராகைனின் என்னும் பொருள் ஓப்பியம் வகை மருந்துகள் பற்றும் அதே ஏற்பிகளைப் பற்றுவதால் குமட்டுகிறது. இட்லியின் நடுவில் போட்டுச் சரிசெய்யும் சங்கதி இல்லை. சிங்கப்பூரில் அது ஏ வகுப்புப் போதைப்பொருள். தாய்லாந்தில் 2021இல் தடை நீங்கியது என்று அங்கே போய்க் குடித்துவிட்டு வந்தாலும், குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களை இங்குள்ள சட்டம் விடாது. யாராவது ஏற்கெனவே உட்கொண்டு மயங்கினாலோ மூச்சு மெதுவானாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது "ஏதோ ஆயுர்வேத மாத்திரை" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. டப்பாவையே கொண்டுபோங்கள். முன்பக்கத்து இலைப் படத்தை விட, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மில்லிகிராம் கணக்கும் தொகுதி எண்ணும்தான் அவருக்கு வேண்டும்.