முகூர்த்தத்துக்கு ஏற்ற கரை

மொரீஷியஸில் கடற்கரைக் கல்யாணம் வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார்கள். சிவந்த வானம், கடலில் இறங்கும் சூரியன், மணலில் கைகோத்து நிற்கும் ஜோடி. மாலையில் மோதிரம் மாற்றிக்கொள்பவர்களுக்கு அந்தப் படம் பொருந்தும். ரோஸ் ஹில்லிலிருந்தோ போர்ட் லூயிஸிலிருந்தோ வரும் நம் குடும்பங்களில் தாலி கட்டுவது காலையில். பந்தல் போடுவதும் மணவறை அலங்காரமும் என் தொழில். எந்தக் கரை என்பதை முகூர்த்தமும் சடங்கும்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மணமக்கள் கிழக்கு நோக்கி உட்கார வேண்டும். அங்கிருந்து தொடங்கினால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். பெல் மார் போன்ற கிழக்குக் கரையில் அவர்கள் கடலைப் பார்த்து உட்காருவார்கள். எதிரே அமரும் உறவினர்களுக்குக் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அத்தனை செலவு செய்து வந்தவர்கள் காண்பது சவுக்குத் தோப்பையும் கார் நிறுத்துமிடத்தையும்தான். ஃப்ளிக் அன் ஃப்ளாக் போன்ற மேற்குக் கரையில் எல்லாம் நேராகிவிடுகிறது. மணமக்களுக்குப் பின்னால் கடல், முகத்தில் காலை வெளிச்சம். தாழ்வாக ஏறும் வெயிலை நிலப்பக்கத்துச் சவுக்கு மரங்கள் வடிகட்டிக் கொடுக்கும், பெண் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. மாலைப் படத்துக்குப் பேர்போன கரையே காலை முகூர்த்தத்துக்கும் ஏற்றதாக இருப்பதைப் பலர் நேரில் நின்று பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

காற்றும் அதே பக்கம்தான் பேசுகிறது. இந்தத் தீவில் ஆண்டு முழுவதும் தென்கிழக்குக் காற்று வீசும், மே முதல் அக்டோபர் வரை இன்னும் வலுக்கும். ஆடியைத் தள்ளிவிட்டால் வைகாசியும் ஆவணியும் அந்த மாதங்களுக்குள்தான் வருகின்றன. கிழக்குக் கரையில் அந்தக் காற்று கடலிலிருந்து நேரே பந்தலுக்குள் வரும். குத்துவிளக்கு நிற்காது, ஓமப் புகை குருக்களை மந்திரம் சொல்ல விடாது. மேற்கில் மலைகள் தடுத்துவிடுவதால் காலை வேளை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அப்படியும் பந்தலின் தென்கிழக்கு மூலையில் ஒரு தட்டி கட்டாமல் நான் விடுவதில்லை.

மேற்கு என்றாலே போதும் என்றும் சொல்ல முடியாது. லெ மோர்ன் மலையடிவாரம் கண்ணைப் பறிக்கும் இடம், ஆனால் தீவின் முனையைச் சுற்றி வரும் காற்று அங்கே திரும்பவும் வேகம் பிடிக்கிறது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாடுபவர்கள் அங்கே கூடுவது அதனால்தான். பிப்ரவரி 1 அன்று, 1835-இல் அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூர மக்கள் அந்த மலையடிக்கு வருகிறார்கள். அந்த நாளில் அங்கே நாதஸ்வரம் வாசிக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமரினில் பவளப்பாறை வளையத்தில் இடைவெளி இருப்பதால், குளிர்காலத்தில் தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் பேரலை கரைவரை ஏறும்.

அலை ஏற்றத்தைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறுபாடு ஏறத்தாழ அரை மீட்டர்தான். ஆனால் சரிவு குறைந்த மணலில் அந்த அரை மீட்டர் பல அடி தூரம் உள்ளே வந்துவிடும். நாம் வளர்பிறையில் முகூர்த்தம் பார்க்கிறோம், நாள் பௌர்ணமியை நெருங்கினால் ஏற்றமும் கூடும். கடற்பாசி ஒதுங்கிய கோட்டைப் பார்த்து அதற்கு மேலேதான் கால் நடுவேன்.

மணலோ எல்லாச் சடங்கையும் சோதித்துப் பார்க்கும். அம்மி மிதிக்கும்போது அம்மி புதையும். அடியில் கனமான பலகை வேண்டும். அரசாணிக்கால் தானாக நிற்காது, ஈரமணல் நிரப்பிய வாளிக்குள் இறுக்க வேண்டும். ஓமகுண்டத்துக்குக் கீழே செங்கல் அடுக்கிச் சுற்றிலும் சவுக்குச் சருகைச் சுத்தமாகக் கூட்டிவிட வேண்டும், ஒரு பொறி போதும் பற்றிக்கொள்ள. மணவறை முழுவதும் மரத்தளம் போட்டுவிடுவது நல்லது. மெட்டி மணலில் விழுந்தால் தேடுவது யார்? பாட்டிமார் சக்கர நாற்காலியில் வருவதற்கும் சாலையிலிருந்து பலகைப் பாதை வேண்டும். அதற்கு இடமில்லாத கரையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பேத்தியின் கல்யாணத்தைக் காரில் உட்கார்ந்து பார்க்க எந்தப் பாட்டியையும் வைக்கக் கூடாது.

வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாட்டைக் கடற்கரையில் பரிமாறுவதை நான் ஏற்பதில்லை. இலை பறக்கும், பருப்பில் மணல் விழும். தாலி கரையில், பந்தி கோவில் மண்டபத்தில் என்று பிரித்துக்கொண்டால் எல்லோரும் வயிறார உண்பார்கள்.

பொதுக் கடற்கரைகளை 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கடற்கரை ஆணையம் பார்த்துக்கொள்கிறது. முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஆனால் அனுமதி கையில் இருக்கிறது என்பதற்காகக் கயிறு கட்டிப் பிறரை விரட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நிழலுக்காக விடியற்காலையிலேயே பிரியாணிப் பாத்திரத்தோடும் ரவான் மேளத்தோடும் வரும் குடும்பங்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. ஆகவே வார நாள் முகூர்த்தத்தையே கேட்கிறேன். பூவையும் அட்சதையையும் நாங்களே அள்ளிக்கொண்டு போகிறோம். மாலையைக் கடலில் விடலாமா என்று கேட்பவர்களிடம், அதில் நைலான் நூலும் ஜரிகையும் இருக்கின்றன, பவளம் வளரும் தண்ணீர் இது என்று எடுத்துச் சொல்கிறேன்.

தை மாதத்தைப் பற்றித்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. தை பிறந்தால் கல்யாணம் என்பது நம் வழக்கம். இங்கே அது புயல் காலத்தின் நடுப்பகுதி. 2024 ஜனவரி 15, பொங்கல் நாளில், பெலால் புயலின் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். இருந்தும் அடுத்த தைக்கே கரை கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் ஒன்றே கேட்பேன்: அதே முகூர்த்தத்துக்குக் கோவில் மண்டபத்தையும் பதிவு செய்துவிட்டீர்களா? ஆம் என்றால் மட்டும் முன்பணம் வாங்குகிறேன்.