பிளஸ் ஒன் முதலுதவி வகுப்பு: நாட்குறிப்பு

ஜூலை 8, செவ்வாய்

சிபிஆர்: இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைப்பது. ஒரு பயிற்சிப் பொம்மைக்கு 6 மாணவர். அதற்கு மேல் போனால் கடைசியில் நிற்பவர் வேடிக்கைதான் பார்ப்பார். பொம்மை தரையில்தான் கிடக்க வேண்டும், பெஞ்சில் அல்ல. உள்ளங்கையின் அடிப்பகுதி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், முழங்கை மடங்காமல், தோள் கைக்கு நேர் மேலே. ஆழம் 5 முதல் 6 செ.மீ. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்.

ஒல்லியான பிள்ளைகள் கைபலத்தை நம்பிச் சீக்கிரமே களைத்துவிடுகிறார்கள். இடுப்பிலிருந்து சாய்ந்து உடம்பின் எடையை இறக்கினால் ஆழம் தானாக வருகிறது. ஆழத்தைவிடப் பெரிய தவறு, அழுத்தியபின் பொம்மை மேலேயே சாய்ந்திருப்பது. நெஞ்சு முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் மறுபடி நிரம்பும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும்போது இடைவெளி 10 விநாடியைத் தாண்டக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

அழுத்தப் பழகியாயிற்று, எப்போது தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம். ஆள் பேச்சில்லாமல் கிடக்கிறார், வாய் மட்டும் கரையில் விழுந்த மீன் போல அவ்வப்போது திறந்து இழுக்கிறது. "சார், மூச்சு இருக்கு" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். அது மூச்சல்ல, இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வரும் வெற்று இழுப்பு. 10 விநாடிக்குள் பார்த்து முடிவெடு. இயல்பான மூச்சு இல்லையென்றால் 108, போன் ஸ்பீக்கரில், கை நெஞ்சில்.

"யாராவது போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ணமாட்டார். "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்குப் போடுங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

வலிப்பு. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடுகிறது, பேர் கையில் திணித்த சாவிக்கொத்துக்குப் போகிறது! தலைக்கடியில் பை வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார். நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவை. 5 நிமிடம் தாண்டினால் 108.

பாம்புக்கடி. கயிறு வேண்டாம், பிளேடு வேண்டாம், நடக்கவும் விடாதே. மோதிரம், கொலுசை உடனே கழற்று, வீங்கியபின் வராது. கடிபட்ட காலை அசையாமல் மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டு, இறுக்காமல். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.