ஆடிக் காவிரியும் வெளுத்துப்போகாத வெள்ளையும்

அருவியைப் படமெடுக்க மேகமூட்டமான நாள்தான் தோது. ஆடி மாதத்துப் பெங்களூரில் அதற்கா பஞ்சம்? அல்சூரிலிருந்து விடியுமுன் கிளம்பி, கனகபுரா சாலையைப் பிடித்து, மளவள்ளி தாண்டினால் சிவனசமுத்திரம். காவிரி இங்கே ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவியாக விழுகிறது. ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மச்சான் வண்டியை ஓட்டினார், அத்தை கட்டிக்கொடுத்த புளிசாதம் பின்சீட்டில்.

கோடையில் போய்விடாதீர்கள், பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். மின்சாரத்துக்காக ஆற்றை அருவிக்கு மேலேயே வாய்க்காலில் திருப்பிவிடுகிறார்கள். 1902 முதல் ஓடும் நீர்மின் நிலையம் அது. அங்கே பிறந்த மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு, நம் ஆட்கள் ஏராளமாக உழைத்த சுரங்கங்களுக்கு. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிய 1905 ஆகிவிட்டது.

ககனசுக்கியைப் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். எதிரே கரும்பாறை, ஈரத்தில் இன்னும் கறுத்த காடு, நடுவில் கொட்டும் காவிரி. மச்சான் போனை நீட்டினார். "கண்ணுக்கு இவ்வளவு நல்லா இருக்கு, இதுல பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வருது."

கேமராவுக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகக் காட்டும் பழக்கம். படத்தில் பாறையும் காடும் நிறைந்திருந்தால் "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும், தண்ணீர் எரிந்துபோகும். ஜூம் செய்து தண்ணீரை மட்டும் நிரப்பினால் குறைத்துவிடும், தண்ணீர் அழுக்காகத் தெரியும். அதே அருவி, அதே வெளிச்சம்தான். அதனால் கேமராவின் வெளிச்ச மீட்டர் சொல்வதை அப்படியே நம்பாமல், ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்வேன். எரிந்துபோன இடங்கள் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். முதல் படத்தில் அருவியின் மேல் விளிம்பு முழுக்கச் சிமிட்டியது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்கியதும் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்), பாறையில் மோதித் தெறிக்கும் இரண்டு மூன்று பொட்டுகள் மட்டும் மிச்சம். அது போதும். இருண்டுபோன பாறையை, கேமரா சுருக்காமல் பதிந்துவைக்கும் ரா ஃபைலிலிருந்து மீட்டுவிடலாம். முழுசாக எரிந்த வெள்ளையில் மீட்க ஒன்றும் இருக்காது. போனில் என்றால், தண்ணீர்மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். மச்சானுக்கு அப்படித்தான் சரியாயிற்று.

ஷட்டர் வேகத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லா அருவியையும் பட்டுத்துணியாக்க வேண்டியதில்லை. ககனசுக்கி வெள்ளத்தில் முழங்கும்போது 1/500 விநாடிதான் அதன் ஆவேசத்தைக் காட்டும். நேரம் நீள நீள, அலையும் நுரையும் ஒன்றோடொன்று கலந்து, நடுவிலிருக்கும் நிழலெல்லாம் நிரம்பிவிடும். மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பட்டை.

இரண்டு அருவிக்கும் நடுவே ரங்கநாதர் கோயில். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், இது மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். சேவித்துவிட்டு, புளிசாதத்தை முடித்து, சுள்ளென்று அடித்த வெயில் மேகத்துக்குள் போகும்வரை காத்திருந்தோம்.

பரசுக்கியின் கதை வேறு. அகன்ற பாறையில் தண்ணீர் பல கிளைகளாகப் பிரிந்து இறங்குகிறது. இங்கே அரை விநாடி அழகாக இருந்தது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர். அதைப் போட்டால் 1/60 விநாடி ஏறக்குறைய ஒரு விநாடியாகிவிடும், அதனால் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை முழுக்கத் திருப்பவில்லை. ஈரப்பாறையின் பளபளப்பு மொத்தமும் போனால் பாறை வெறும் கறுப்புக் கட்டியாகிவிடும். சாரல் லென்ஸில் விழுந்துகொண்டே இருக்கும், பழைய வேட்டித் துணி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்ததும் கை நேராக கான்ட்ராஸ்ட் ஸ்லைடருக்குத்தான் போகும். சாரல்மூட்டத்தில் படம் மங்கலாக இருக்கிறதே! ஆனால் அது இரண்டு முனையையும் சேர்த்து இழுக்கும்: அங்கே காப்பாற்றிய வெள்ளை இங்கே எரியும், பாறை மையிருட்டாகும். நான் வெளிச்சமான பகுதிகளுக்கான ஹைலைட்ஸை முதலில் இறக்கி, உச்ச வெள்ளைக்கான வொயிட்ஸை ஒரு சிட்டிகை ஏற்றுகிறேன்; நுரையின் மினுக்கம் அதில்தான் இருக்கிறது. நிழலுக்கான ஷேடோஸைக் கொஞ்சம் தூக்கி, அடிக் கறுப்புக்கான பிளாக்ஸைக் கொஞ்சம் அழுத்துவேன், பாறை இடுக்கு கறுப்பாகவே இருக்கட்டும். ஹைலைட்ஸைக் கடைசிவரை இறக்கினால் தண்ணீர் சாம்பல் பூத்துவிடும். மூட்டத்தை விலக்கும் டீஹேஸ் சாரல் படிந்த பகுதிக்கு மட்டும், அதுவும் அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க் போட்டு. வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படங்களை ஒன்றாக ஒட்டுகிறவர்கள் தண்ணீரை ஒரே படத்திலிருந்து எடுங்கள், ஒரு படத்து நுரை இன்னொன்றில் அதே இடத்தில் இருக்காது.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அத்தை கேட்டார், "தண்ணி ஏன்பா பழுப்பா இருக்கு?"

"புதுவெள்ளம் அத்தை."

பழுப்பை வெள்ளையாக்கலாம் என்று படத்தின் நிறச் சாயலை மாற்றும் வொயிட் பேலன்ஸை நீலத்துக்குத் தள்ளினால், பாறையும் காடும் சேர்ந்து நீலம் பாரிக்கும். ஆடிக் காவிரி செம்மண் கலந்துதான் வரும், அதன் நிறத்தை அப்படியே விட்டுவிட்டேன். பிரிண்ட் போடுவதாக இருந்தால், எடிட்டிங்குக்கு உட்காரும்போதே திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு வெளிச்சத்தில் சரிசெய்த படம் காகிதத்தில் இருண்டுதான் வரும்.